குருவிகளுக்கு உருக்கிய கொழுப்பு

பத்து வயதில் வைத்தியரின் அறையில் அம்மாவுக்கும் வைத்தியருக்கும் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. எனக்கும்தான். அந்த நாளில் பெரியவர்களின் கடிதங்களை நாங்கள் வாசித்தோம், அவர்களுக்காகத் தொலைபேசியில் கதைத்தோம், அவர்களின் வருத்தங்களை எங்களுக்கு விளங்காத சொற்களில் வைத்தியருக்குச் சொன்னோம். வெட்கமான இடம் வந்தால் ஒரு சொல்லை விழுங்கியும் இருப்போம். நான் ஒருமுறை ஒரு முழு வசனத்தையே விழுங்கினேன். நாற்பது வருடங்களாக அதை யாருக்கும் சொல்லவில்லை.

நாங்கள் அப்போது நோர்வேத் தலைநகரின் ஓரத்தில், ஸ்டோவ்னரில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். அம்மா பள்ளிக்கூடம் ஒன்றைத் துப்புரவாக்கினார். அந்த இலையுதிர்காலத்தில் சித்தி, அம்மாவின் தங்கை, நோர்வேயின் வடக்கே ஓர் அகதி முகாமிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். அவருக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். என் அறையில் என் கட்டிலுக்கு எதிரே அவருக்கு ஒரு மெத்தை போடப்பட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. சித்தி வீட்டுச் சட்டைக்கு மேலே அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலுறையோடு செருப்பை மாட்டிக்கொண்டு குப்பை போடக் கீழே இறங்குவார். என் வகுப்புப் பெண்கள் பார்த்துவிடக்கூடாதே என்று நான் யன்னலடியில் நின்று வேண்டிக்கொள்வேன்.

சித்தி அதிகம் கதைப்பதில்லை. கேட்பார். வீட்டில் எந்தச் சத்தம் வந்தாலும் செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்பார். லிஃப்ட் நிற்கிற சத்தம், மேல்வீட்டுக் கதிரை இழுபடுகிற சத்தம், எல்லாவற்றையும். ஏன் என்று நான் அம்மாவிடம் கேட்டேன்.

"ஊரிலை ஷெல் விழுந்து பக்கத்து வீடு இடிஞ்சது. உள்ளுக்கை ஆரோ தட்டினவையாம். இவளுக்கு மட்டும் கேட்டிருக்கு. ஒருத்தரும் நம்பேல்லை. அதிலையிருந்து இப்பிடித்தான். நீ அவளிட்டை ஒண்டும் கேக்காதை."

எங்கள் பல்கணிக்குப் பக்கத்துப் பல்கணி ஒரு நோர்வேக் கிழவருடையது. இடையில் ஆள் உயரத்துக்கு ஒரு தகரத் தடுப்பு. அவர் தனியாக இருந்தார். பனி தொடங்கினால் அவர் மாட்டுக் கொழுப்பை உருக்கி, விதை கலந்து, உருண்டை பிடித்து, வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுவார். குளிர்காலக் குருவிகளுக்கு அதுதான் உயிர். ஒருநாள் எங்கள் வாசலில் மூடி போட்ட சின்ன வாளி ஒன்று இருந்தது. அதன்மேல் "சிறுமிக்கு" என்று எழுதியிருந்தது. அம்மா மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மாட்டுக் கொழுப்பு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா. கொண்டுபோய்க் குப்பையிலை போடு."

நான் அழுதேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை எங்களுக்குக் குருவி எண்ணுகிற தாள் தந்திருந்தார். எந்தக் குருவி, எத்தனை, எத்தனை மணிக்கு என்று கோடு போட்டு நிரப்ப வேண்டும். எங்கள் பல்கணியில் என்ன இருக்கிறது, எண்ணுவதற்கு? கடைசியில் அப்பா கடையிலிருந்து தேங்காய்க் கொழுப்புக் கட்டி ஒன்று வாங்கிவந்தார். வெள்ளைச் சவர்க்காரம் போல இருந்தது.

அதைச் சித்தியும் நானும்தான் உருக்கினோம். குசினி முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம் எழுந்தது. சித்தி அடுப்பைத் தணித்து, சூரியகாந்தி விதையும் ஓட்ஸும் நொறுக்கிய கடலையும் கொட்டிக் கிண்டினார். வெட்டிய பால் பெட்டிகளில் ஊற்றி, நடுவில் நூலை நட்டு, பல்கணியில் வைத்தோம். இறுகுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்குத்தான் சித்தி சிரித்து நான் பார்த்தேன். மேல் உதட்டில் கொழுப்பு மினுங்கியது.

அடுத்த நாளே குருவிகள் வந்தன. கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மஞ்சள் வயிற்றின் நடுவே கழுத்துப்பட்டி போலக் கறுப்புக் கோடு. ஷொட்மைஸ் என்று நோர்வேஜியனில் பெயர். அந்தப் பெயரில் இறைச்சி என்ற சொல் இருக்கிறது. ஏன் என்று ஆசிரியையிடம் கேட்டேன். பசி மிஞ்சினால் அது தன்னைவிடச் சின்னக் குருவியைக் கொன்று மண்டையைக் கொத்தித் தின்னும் என்று அவர் சொன்னார். சித்திக்கு நான் அதைச் சொல்லவில்லை. எனக்கே அதன்பிறகு அந்தக் கண்ணைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

ஆனால் எங்களிடம் வந்தது இரண்டு, மூன்றுதான். மற்றதெல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம். கிழவரின் மாட்டுக் கொழுப்புக்குப் போட்டி போட எங்கள் தேங்காய்க் கொழுப்பால் முடியவில்லை. என் தாளில் எண்கள் ஏறவேயில்லை. நான் கிழவரை உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை எல்லாம் மாறியது. பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் எங்கள் பல்கணி முழுக்கக் குருவிகள். கம்பியில், பூச்சட்டியில், தரையில். பதினேழு வரை எண்ணினேன். ஒன்றையொன்று கொத்தித் தள்ளின. நான் துள்ளினேன்.

"சித்தி, பாருங்கோ! கிழவன்ரை ஒண்டும் இப்ப எடுபடேல்லை. எல்லாம் எங்கடைக்கு வந்திட்டுது!"

அந்தப் பக்கம் தொங்கிய வலைப்பைகள் வெறுமையாகக் காற்றில் ஆடுவதைத் தடுப்பின் விளிம்பால் நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வென்றுவிட்டேன் என்பதைத் தவிர.

சித்தி குருவிகளைப் பார்க்கவில்லை. வரவேற்பறை நடுவில் தலையைச் சரித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, ஆரோ தட்டினம்."

நானும் கேட்டேன். டக், டக், டக். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு மீண்டும் டக், டக். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. இங்கே தை மாதத்தில் மூன்றரை மணிக்கே அப்படித்தான். யன்னலுக்குப் போனேன். ஒரு ஷொட்மைஸ் யன்னல் சட்டத்தில் தொங்கியபடி கண்ணாடியைப் பிடித்திருக்கும் களிம்பைக் கொத்திக்கொண்டிருந்தது. அந்தக் களிம்பில் எண்ணெய் இருக்கும், அதற்காகக் கொத்தும்.

"குருவி, சித்தி. இஞ்சை பாருங்கோ."

சித்தி வந்து பார்த்தார். குருவி பறந்தது. சிறிது நேரம் கழித்து மீண்டும் அந்தச் சத்தம் வந்தது. யன்னலில் ஒன்றும் இல்லை.

பின்னேரம் அப்பா வந்ததும் சித்தி சொன்னார். அப்பா ஹீற்றருக்குக் கிட்டப் போய்க் குனிந்து காதை வைத்தார். அதன் இரும்புக் குழாய் எங்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்த நேரம் பார்த்துச் சத்தம் வரவில்லை.

"சுடுதண்ணி ஓடேக்கை குழாய் அப்பிடித்தான் தட்டும். இல்லாட்டிக் குருவி. முதல்லை உந்தக் கொழுப்புகளைக் கழட்டு. கீழ்வீட்டுக்காரர் எச்சம் விழுகுதெண்டு முறைப்பாடு குடுத்தா நான்தான் பதில் சொல்லவேணும்."

"அத்தான், அது குருவி தட்டுற மாதிரி இல்லை. நிண்டு நிண்டு தட்டுது. கேட்டுக் கேட்டுத் தட்டுது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சித்திக்கு ஒரு குளிசையும் தண்ணீரும் கொடுத்தார். "படு. நாளைக்குக் கதைப்பம்," என்றார். நான் கொழுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பையில் போட்டேன். சித்தியால்தான் என் குருவிகள் போகின்றன என்று எனக்கு அவர்மேல் ஆத்திரம்.

செவ்வாய்க்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது கீழ் வாசலில் சித்தி நின்றார். அதே கம்பளிச் சட்டை, அதே காலுறை, செருப்பு. பக்கத்தில் கட்டடத்தைப் பராமரிக்கிற மனிதர், கையில் பனி தள்ளுகிற மண்வெட்டியோடு. சித்தி சுவரில் தட்டிக் காட்டினார். மேலே கையை நீட்டினார். மீண்டும் தட்டினார். அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். என் வகுப்புப் பெண்கள் இருவர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் சித்தியின் முகம் மலர்ந்தது.

"நல்லவேளை வந்தாய் பிள்ளை. இவருக்குச் சொல்லு. பக்கத்து வீட்டிலை ஆரோ தட்டினம். மணி அடிச்சுப் பாத்தன், திறக்கினம் இல்லை. உள்ளுக்கை ஆள் விழுந்து கிடக்கு. திறப்பு இருந்தா வந்து திறக்கச் சொல்லு."

அந்த மனிதர் குனிந்து என்னிடம் கேட்டார், "உன் சித்தி என்ன சொல்கிறார்?"

படியில் நின்ற பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். நான் பார்த்தேன்.

"குருவிகள் யன்னலைத் தட்டுகின்றனவாம். அவருக்குப் பயமாக இருக்கிறதாம்," என்றேன் நோர்வேஜியனில்.

அவர் சிரித்தார். இரக்கமான சிரிப்புத்தான். கொழுப்பைத் தொங்கவிடாதீர்கள், அதற்கு எலியும் வரும் என்றார். சித்தியின் தோளில் மெல்லத் தட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

"என்னவாம்?" என்று சித்தி கேட்டார்.

"பிறகு வந்து பாக்கிறாராம்."

அன்று முழுதும் சித்தி கதவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அவருக்காகக் காத்திருந்தார். குழாயில் சத்தம் இரண்டு முறை வந்தது. நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

புதன்கிழமை எனக்குத் தடிமனும் தும்மலும். பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். காலையிலிருந்து குழாய் அமைதியாக இருந்தது. சத்தம் நின்றதில் எனக்கு ஆறுதல். சித்தி சுவரில் காதை ஒட்டியபடியே நின்றார். அவர் கன்னத்தில் சுவர்த்தாளின் பூ வடிவம் பதிந்திருந்தது.

நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு யன்னலடியில் குருவி பார்த்தேன். எங்கள் பல்கணியில் ஒன்றுமில்லை, ஆனாலும் அவை வந்தன. கம்பியில் ஒரு கணம் குந்தும், பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கம் போகும். ஒன்று போனது. இன்னொன்று போனது. பழக்கத்தில் எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. அவை திரும்பி வரும், அப்போது தாளில் குறிக்கலாம் என்று பென்சிலோடு இருந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. எட்டாவதும் போனது. அந்தப் பல்கணி எங்களுடையதைப் போலத்தான், நாலு பூச்சட்டி வைத்தால் நிறைந்துவிடும். எட்டுக் குருவிகள் எங்கே போகும்?

"சித்தி," என்றேன். அவர் சுவரிலிருந்து காதை எடுக்கவில்லை. மீண்டும் கூப்பிட்டேன். "சித்தி, குருவியள் அங்கை போகுதுகள். திரும்பி வரேல்லை."

சித்தி என்னைப் பார்த்தார். பல்கணிக் கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றினார். பூச்சட்டியில் ஏறி, கம்பியில் காலை வைத்து, தடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்தார். கீழே மூன்று மாடி ஆழத்தில் வெள்ளைப் பனி. கம்பியில் உறைபனி. காலுறை வழுக்கியது. ஒரு கால் அந்தரத்தில் ஆடியதை நான் கண்டேன். கத்தவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பிறகு அந்தக் கம்பளிச் சட்டை தடுப்புக்கு அந்தப் பக்கம் மறைந்தது.

முதலில் சிறகடிக்கிற சத்தம். பெட்டிக்குள் காகிதத்தைக் குலுக்கினாற்போல. எட்டு அல்ல, இருபது முப்பது குருவிகள் ஒரேயடியாக வெளியே பாய்ந்து எங்கள் யன்னலைக் கடந்து பறந்தன. பிறகு சித்தியின் குரல்.

"பிள்ளை! உயிர் இருக்கு! போன் எடு!"

எடுத்தேன். முகவரி சொன்னேன், மாடி சொன்னேன், விழுந்து கிடக்கிறார் என்று சொன்னேன். ஒரு சொல்லும் விழுங்கவில்லை.

அம்புலன்ஸ்காரர்களும் அந்தப் பராமரிப்பாளரும் கதவைத் திறந்தபோது நானும் வெறுங்காலோடு பின்னால் போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை. பல்கணிக் கதவு ஒரு கையகலம் திறந்திருந்தது. அதனடியில், ஹீற்றரோடு ஒட்டியபடி கிழவர் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை கொழுப்பைத் தொங்கவிடப் போகும்போது இடுப்பெலும்பு முறிந்து விழுந்திருக்கிறார். கவிழ்ந்த சட்டியின் கொழுப்பு அவர் சட்டையிலும் கையிலும் தலைமயிரிலும் இறுகி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைத்தான் அவர் மூன்று நாளும் விதையோடு சுரண்டிச் சாப்பிட்டிருக்கிறார். கதவிடுக்கால் பனியை அள்ளி வாயில் வைத்திருக்கிறார். ஒரு கையில் கொழுப்புக் கிண்டுகிற இரும்புக் கரண்டி. கம்பளத்தில், கதிரையில், அவர் மார்பில் எல்லாம் எச்சம். அவருடைய விரல் நுனிகளில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். கொழுப்போடு சேர்த்து தோலையும் கொத்தியிருந்தன.

சித்தி தரையில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். அந்தப் பராமரிப்பாளர் சித்தியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதன்பிறகு நான் அவரைக் கண்டால் மற்ற வாசலால் போய்விடுவேன்.

அன்று மாலை அப்பா சித்தியைத்தான் ஏசினார். கால் வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும், விசாக் கடிதம் வர முதலே பொலிஸ் கேஸ் ஆகியிருக்கும் என்றார். ஏசிவிட்டுக் குளியலறைக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை. அம்மா குளிசைப் போத்தலைக் குப்பையில் போட்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் அம்மா சித்திக்கு மட்டும் முட்டை பொரித்தார்.

கிழவர் பிழைத்தார். ஆனால் வீட்டுக்குத் திரும்பவில்லை, முதியோர் இல்லத்துக்குப் போனார். பனி கரைகிற நேரம் அவருடைய மகள் வேறு நகரத்திலிருந்து வீட்டைக் காலி செய்ய வந்தார். ஒரு பெரிய சொக்கலேற் பெட்டியோடு எங்கள் கதவைத் தட்டினார். பெட்டியை என் கையில் தந்தார். இவ்வளவு சின்ன வயதில் இவ்வளவு தெளிவாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாயே, உன்னால்தான் என் அப்பா இருக்கிறார் என்று என் தலையைத் தடவினார். சித்தி சோபாவில் இருந்தார். அவருக்கு அந்தப் பெண் சிரித்துத் தலையாட்டினார், அவ்வளவுதான். நான் அதையும் திருத்தவில்லை.

அவர் போனபிறகு சித்தி பெட்டியைத் திறந்து எனக்கு ஒன்று எடுத்துத் தந்தார்.

"அண்டைக்குக் கீழை அந்த மனுசனிட்டை நீ ஃபூல் எண்டு ஒரு சொல் சொன்னனி. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை ஃபூல் எண்டா விசர். என்னைத்தான் விசர் எண்டு சொல்லுறாய் எண்டு நினைச்சன்." சித்தி தானும் ஒன்றை வாயில் போட்டார். "போன கிழமை மொழி வகுப்பிலை படம் காட்டிச் சொல்லித் தந்தவை. ஃபூல் எண்டா இஞ்சை குருவியாம்."

சொக்கலேற் என் வாயில் கரைந்துகொண்டிருந்தது. விழுங்க முடியவில்லை.

"நான் குருவியைப் பற்றிச் சொல்லச் சொல்லேல்லையே பிள்ளை," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருக்கலாம். எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். அப்பாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

சித்திக்கு விசா கிடைத்தது. கலியாணம் முடித்து ஸ்தவாங்கர் நகரத்துக்குப் போனார். அதுவரை, இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அந்த முதியோர் இல்லத்துக்குப் போவார். என்ன மொழியில் என்ன கதைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. கிழவர் ஒரு வசந்தத்தில் இறந்தார். நான் வளர்ந்து இப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். மொழிபெயர்க்கக் கேட்டு யார் வந்தாலும் மறுத்துவிடுவேன். ஏன் என்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது.

போன மாதம், அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்த சித்தி என் வீட்டில் தங்கினார். அறுபத்தைந்து கடந்தவர். காலையில் இருவரும் தேநீரோடு இருந்தோம். வெளியே மரத்தில் ஷொட்மைஸ்கள். நாற்பது வருடம் கழித்து நான் கேட்டேன்.

"சித்தி, அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சரியாச் சொல்லியிருந்தா, அந்தக் கிழவர் ஒருநாள் முந்தியே தப்பியிருப்பார். நீங்கள் ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

சித்தி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் ஒருக்கா அவரிட்டைக் கேட்டனான். புதன்கிழமை காலமை ஏன் தட்டுறதை நிப்பாட்டினனீங்கள், கை ஏலாமல் போச்சோ எண்டு. இல்லையாம். கை ஏலுமாம். தட்டினா குருவியள் பயந்து பறந்திடுதாம். பறந்தா அறை சரியான அமைதியாப் போயிடுதாம்."

சித்தி யன்னலைப் பார்த்தார்.

"நான் கண்ணாடிக்குள்ளாலை பாக்கேக்கை அவர் கண்ணை முழிச்சுக்கொண்டுதான் கிடந்தவர், பிள்ளை. முகத்திலையும் கையிலையும் எல்லாம் குருவி. என்னைக் கண்டவர். கண்டிட்டு, உள்ளுக்கை வராதை எண்டு தலையை மெல்லமா ஆட்டினவர். அதைத்தான் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."